பளபளக்கும் கன்சோலைக் காட்டி உளுத்த டிரான்சமை மறைத்தார்கள்: பழைய ஃபைபர் படகைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஃபைபர் படகை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்களும், கையில் இருக்கும் படகின் கன்சோலை, அதாவது ஸ்டியரிங்கும் கருவிகளும் பொருத்திய மேடையைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றி அமைக்க நினைப்பவர்களும், எந்தப் பட்டறைக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கும் ஒரு பட்டறை எனக்குச் செய்தது இது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

படகு 23 அடி நீளமுடையது. ஒரு கடற்கரை விடுதி சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காகப் பயன்படுத்திவிட்டு, பல மழைக்காலங்களாக வெட்டவெளியில் போட்டு வைத்திருந்தது. அடிப்பாகம் கனமாகவும் விரிசல் இல்லாமலும் இருந்தது. சொந்த உபயோகத்துக்கும் நண்பர்களுடன் தூண்டில் போடச் செல்வதற்கும் ஏற்ற படகு என்றுதான் அதை வாங்கினேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டதால், ரெசினும் (பிசின்) மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் நம் மீன்பிடிப் படகுகளில் நின்றுகொண்டு ஓட்டும் கன்சோல் கிடையாது. ஸ்டியரிங், த்ராட்டில், ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாவற்றையும் ஒரே மேடையில் பொருத்தித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் மிகச் சில. அப்படிச் சொல்லும் இடத்தில் வாடிக்கையாளரின் கண் முழுவதும் கன்சோல் மீதே இருக்கும் என்பதை அந்தப் பட்டறைக்காரர் நன்றாக அறிந்திருந்தார்.

இந்த வகைப் படகில் உயிர்நாடி டிரான்சம்தான். அதாவது, அவுட்போர்டு எஞ்சின் தொங்கும் பின்பலகை. இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே கனமான பிளைவுட் வைத்து அதைக் கட்டியிருப்பார்கள். 90 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 150 கிலோவுக்கும் மேல் எடை இருக்கும்; அந்த எடையோடு அது தள்ளும் விசை முழுவதையும் இந்தப் பலகைதான் தாங்குகிறது. போல்ட் துளைகளின் வழியே நீர் கசிந்து உள்ளே இறங்கினால், வெளியே ஃபைபர் நன்றாக இருப்பதுபோலவே தெரியும், உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும். தரைத்தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டங்களான ஸ்டிரிங்கர்களுக்கும் இதே கதிதான். ஆகவே பழைய படகைப் புதுப்பிப்பது என்றால் முதலில் இவற்றைத் திறந்து பார்ப்பது என்றுதான் பொருள்.

அவர்கள் கொடுத்த கொட்டேஷனில் இது தெளிவாக எழுதப்பட்டிருந்தது: டிரான்சமின் பழைய பிளைவுட் முழுவதும் அகற்றப்படும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வைக்கப்படும், உளுத்த ஸ்டிரிங்கர்கள் மாற்றப்படும், பழைய பெயிண்ட் முழுவதும் கிரைண்டரால் நீக்கப்பட்ட பிறகே புதிய மேட் ஒட்டப்படும், புதிய கன்சோல் செய்யப்படும். வேலை தொடங்கிய பிறகு என் கைபேசிக்கு வந்த படங்கள் எல்லாம் கன்சோலின் படங்கள். அச்சு தயாராவது, ஜெல்கோட் என்ற பளபளப்பான மேற்பூச்சு அடிப்பது, சுவிட்சு பலகைக்குத் துளை வெட்டுவது, இருக்கைக்கு ரெக்சின் நிறம் தேர்ந்தெடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் என்னை அழைத்துக் காட்டினார்கள். டிரான்சம் வேலையைப் பார்க்க வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குப்போக்கு வந்தது. ஒரு நாள் நேரில் போய் நின்றபோது, "அது அப்பவே முடிஞ்சு மூடிட்டோம் சார், இனிமே ஒடச்சாத்தான் பாக்க முடியும்" என்றார் பட்டறைக்காரர். மீன்பிடித் தடைக்காலம் நெருங்குகிறது, ஏப்ரல் 15 ஆகிவிட்டால் விசைப்படகுகளின் வேலை குவிந்துவிடும், அதற்குள் உங்கள் படகை முடித்தாக வேண்டும் என்று அவசரத்தையும் காரணமாகச் சொன்னார். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்தக் காரணத்தை யார் சொன்னாலும் நீங்கள் ஏற்கக் கூடாது. அவசரம் உண்மையாகவே இருந்தாலும், மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

படகு கைக்கு வந்தபோது பார்க்க அழகாகவே இருந்தது. குறைகள் முதலில் கன்சோலில்தான் வெளிப்பட்டன. நின்றுகொண்டு ஓட்டுவதற்கு ஏற்ற உயரத்தில் த்ராட்டில் வேண்டும், ஜிபிஎஸ் திரை கண்மட்டத்துக்கு அருகில் சாய்வாக இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்திருந்தேன். அவர்களோ உட்கார்ந்து ஓட்டும் கார் டேஷ்போர்டைப் போலத் திரையைப் படுக்கையாகப் பதித்திருந்தார்கள். காலை வெயிலில் அதில் வானம் மட்டுமே தெரிந்தது. திசைகாட்டியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், கம்பிக் கட்டுக்கு நேர் மேலே வைத்திருந்தார்கள். படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பை இயக்கியதும் திசைகாட்டியின் தட்டு கண்ணெதிரே திரும்பியது, நிறுத்தியதும் பழைய இடத்துக்கு வந்தது. மின்சாரம் ஓடும் கம்பி தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். திசைகாட்டிக்கு அருகில் போகும் கம்பிகளில் பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் அந்தப் புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் நீக்கிக்கொள்ளும். கன்சோல் கட்டுபவர் எவரும் அறிந்திருக்க வேண்டிய பாலபாடம் இது. மூடுபனியில் கரையைத் தேடும் ஒருவருக்கு அந்தத் தட்டின் திருப்பம் என்ன செய்யும் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கம்பிகள் வீட்டு வயரிங்குக்குப் போடும் சாதாரணச் செம்புக் கம்பிகள். கடலில் வெள்ளீயப் பூச்சு உள்ள கம்பிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். பூச்சு இல்லாத செம்பு உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். சில மாதங்களிலேயே விஎச்எஃப் ரேடியோ விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்கியது. ஆபத்தில் 16ஆம் சேனலில் அழைக்க வேண்டிய கருவி அது. எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ். பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்சுக்கு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக நேரடி இணைப்பு இருக்க வேண்டும், அப்போதுதான் யாரும் இல்லாமல் கட்டிக் கிடக்கும் படகில் மழைநீர் சேர்ந்தாலும் பம்பு தானாக இயங்கும். இவர்கள் அதையும் கன்சோல் சுவிட்சு வழியாகவே கொடுத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, கன்சோலின் பின்புறம் கை நுழைக்க ஒரு கதவுகூட இல்லை.

கன்சோலைத் தளத்தோடு பிணைத்த விதம்தான் அச்சத்தைத் தந்தது. அலையில் கைப்பிடியைப் பற்றியபோது கன்சோல் முழுவதும் அசைந்தது. தளத்தை ஊடுருவிப் போகும் போல்ட்டும், கீழ்ப்புறம் விசையைப் பரப்பும் தகடும் இருக்க வேண்டிய இடத்தில், மரத்தில் இறுக்கும் சாதாரணத் திருகாணிகளை இறுக்கியிருந்தார்கள். அவற்றைச் சுற்றித் துருக்கறை ஓடியிருந்தது. நல்ல எவர்சில்வர் போல்ட்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும். மாலிப்டினம் கலந்த 316 தரம் அது, உப்புநீரைத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்துத் தரத்தை நம்பாதீர்கள், மலிவான 202 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

இதற்கெல்லாம் பிறகுதான் டிரான்சமின் இரு மூலைகளிலும் மயிரிழை விரிசல் கண்ணில் பட்டது. எஞ்சினின் கீழ்ப்போல்ட் ஒன்றின் ஓரத்திலிருந்து பழுப்பு நிற நீர் கசிந்தது. வேறு ஊரிலிருந்து வந்த அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவர், எஞ்சினைச் சற்றுத் தூக்கி வைத்து, அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்தினார். டிரான்சம் கூடவே அசைந்தது. பிறகு சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். ஓரங்களில் கணீரென்று கேட்ட ஒலி நடுப்பகுதியில் பொத்தென்று அடங்கியது. "தண்ணி குடிச்சிருக்கு சார். இவ்வளவு நாள் எஞ்சின் நின்னதே பெருசு" என்றார்.

உடைத்துப் பார்ப்பதற்கு முன், குறிப்பிட்ட நாளில் வந்து உடனிருக்கும்படி பட்டறைக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. தவிர்த்தால், பிறகு நீங்களே உடைத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அவர்கள் வரவில்லை. சுயேச்சையான கடல்சார் சர்வேயர் ஒருவர் முன்னிலையில், தொடக்கம் முதல் முடிவு வரை காணொளியில் பதிவுசெய்துகொண்டே திறந்தோம்.

கிரைண்டரால் ஓரத்தை அறுத்து உளியைக் கொடுத்ததும், புதிதாக ஒட்டிய ஃபைபர் படலம் ஒரே துண்டாக உரிந்து கையோடு வந்தது. அதன் உட்பக்கத்தில் விடுதிக்காரர்கள் அடித்திருந்த பழைய நீலப் பெயிண்ட் அப்படியே ஒட்டியிருந்தது. பழைய ஃபைபரின் மேல் புதிய பாலியெஸ்டர் ரெசின் வேதியியல் முறையில் சரியாகப் பிணைவதில்லை. பெயிண்டையும் ஜெல்கோட்டையும் முழுவதும் நீக்கி, 36 அல்லது 40 எண் உப்புத்தாளால் கரடுமுரடாக்கி, தூசியைத் துடைத்த பிறகு ஒட்டினால்தான் அது பற்றி நிற்கும். இவர்கள் பெயிண்டின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். அதற்கு உள்ளே, கொட்டேஷனில் முழுவதும் அகற்றப்படும் என்று எழுதியிருந்த பழைய பிளைவுட் இருந்தது. கைவிரலால் அழுத்தினால் நீர் பிதுங்கும் அளவுக்கு ஊறியிருந்தது. மேல் ஓரத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒரு புதிய பலகைத் துண்டைச் செருகியிருந்தார்கள், அதில் ஐ.எஸ். 303 முத்திரை, அதாவது சாதாரண உபயோகத்துக்கான பிளைவுட். இடைவெளிகளில் எல்லாம் பட்டியை அடைத்துப் பூசி மெழுகியிருந்தார்கள். அசிட்டோன் நனைத்த துணியால் புதிய லேமினேஷனைத் துடைத்தபோது அது பிசுபிசுத்தது. ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னரை அளக்காமல் கண்ணளவில் ஊற்றியதால் ரெசின் முழுமையாக இறுகவில்லை என்பது சர்வேயரின் முடிவு. பாலியெஸ்டர் ரெசினுக்குப் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் ஹார்ட்னர் போதும், ஆனால் அதை அளந்துதான் கலக்க வேண்டும். நீங்கள் போகும் பட்டறையில் ரெசின் வாளிக்கு அருகில் தராசோ அளவுக் குவளையோ இல்லை என்றால், அதுவே திரும்பிவரப் போதுமான காரணம்.

பட்டறைக்காரரிடம் படங்களைக் காட்டியபோது, கடல்நீரில் கிடக்கும் படகுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். பில்லில் "படகு வேலை" என்ற ஒரே வரியும் மொத்தத் தொகையும்தான் இருந்தன. நல்லவேளையாக, விவரங்கள் அடங்கிய கொட்டேஷனில் அவருடைய கையெழுத்து இருந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வணிக நோக்கத்துக்காகப் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைபடக்கூடும், ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கே படகை ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. நம் மீனவர்களில் பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது வேலையை அந்த மேஸ்திரியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் வைத்த நிபந்தனைகளை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். திறந்த டிரான்சமைப் பார்த்த பிறகு ஒரு பங்கு பணம், பிளைவுட்டின் முத்திரை தெரியும்படி படம் எடுத்த பிறகு ஒரு பங்கு, முதல் அடுக்கு இறுகிய பிறகு ஒரு பங்கு என்று, ஒவ்வொன்றும் மூடப்படுவதற்கு முன் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கன்சோலைக் கடைசியில்தான் தொட வேண்டும். டிரெய்லரோடு படகை வேலைக்கு முன்பும் பின்பும் எடைமேடையில் ஏற்றச் சொன்னார். ஊறிய மரமும் நீர் குடித்த ஃபோமும் உண்மையிலேயே வெளியேறியிருந்தால் எடைச்சீட்டில் அது தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. வெட்டியெடுத்த பழைய பலகைகளையும் எறியாமல் எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.

முதல் பட்டறை இன்னும் நடக்கிறது. என் படகின் கன்சோல் படத்தைத் தங்கள் வேலைக்கு மாதிரியாகப் புதியவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று, அதைப் பெற்ற ஒருவரே என்னிடம் காட்டினார். வெள்ளை ஜெல்கோட், கறுப்புச் சுவிட்சு பலகை, படுக்கையாகப் பதித்த திரை, அதற்கு இடப்புறம் ஸ்பீக்கர் ஒட்டிய திசைகாட்டி. அந்தப் படம் உங்களுக்கும் வந்தால், அதே படகின் டிரான்சமைத் திறந்து வைத்து எடுத்த படத்தை அனுப்பும்படி கேளுங்கள்.