செலிக்காவுக்குள் ஹைலக்ஸ் எஞ்சின்: செயின் மாற்றிய கையோடு எழுதுவது

எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினின் வேலை முடிந்து கார் நேற்றுத்தான் கராஜிலிருந்து வந்தது. தெஹிவளையில் இருக்கும் கூட்டாளி ஒருவன், தன் டொயோட்டா செலிக்கா ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே ஹைலக்ஸ் எஞ்சினைப் போடலாமா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் சேர்த்துத்தான் இது.

என்னுடையது ஏ40 பொடி, அதாவது இரண்டாம் தலைமுறைச் செலிக்கா. அதிலிருந்த 1588 சிசி 2டீ எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கியதும், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்த, டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் 22ஆர் எஞ்சின் உள்ளே போனது. "ஸ்போர்ட்ஸ் காருக்கு லொறி எஞ்சினா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1981இல் அமெரிக்காவில் விற்ற செலிக்காவுக்கு டொயோட்டாவே போட்டது இந்த 22ஆரைத்தான்.

2டீயில் பிஸ்டன் ஓடும் தூரம் 70 மில்லிமீற்றர், 22ஆரில் 89. கார் ஓடுகிற விதமே மாறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். எஞ்சின் நிமிடத்துக்கு 2800 சுற்றை அண்டியே முழு இழுவையும் வந்துவிடும். வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பேன். கொஞ்சம் இடம் கிடைத்தால் அதே கியரில் மிதித்தாலே போதும், முனகாமல் எழும்பிப் போகும். முன்பு அந்த நெரிசலில் கிளச் மிதித்தே இடக்கால் கழன்றுவிடும். கடுகண்ணாவை ஏற்றத்திலும் மூன்றாம் கியர் தாங்குகிறது. 92 ஒக்டேன் பெற்றோலே தாராளம். கொழும்பில் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல எஞ்சின் இந்தக் காருக்குக் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

4500 சுற்றுக்கு மேலே கேட்காதீர்கள். சத்தம் கூடும், வேகம் கூடாது. முன்பாரமும் கூடிவிட்டதால் பார்க் பண்ணும்போது ஸ்டியரிங் தோளை வாங்குகிறது. அது பழகிவிட்டது.

பழகாதது அந்தச் செயின். 1982 வரை வந்த 22ஆருக்கு இரட்டை வரிசைச் செயின். அதற்குப் பிறகு டொயோட்டா ஒற்றை வரிசைச் செயினும், அதை விலகாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் கைட்டும் போட்டது. என்னுடையது பிந்தியது. வருஷக்கணக்கில் சூடான ஒயிலில் ஊறி அந்தப் பிளாஸ்டிக் முறுகிப்போகும். பிறகு காலையில் ஸ்டார்ட் பண்ணியதும், ஒயில் பிரஷர் ஏறி, செயினை இறுக்கும் டென்ஷனர் தள்ளும் வரைக்கும் முன்பக்கத்தில் சடசடவென்று ஒரு சத்தம். விற்ற கடையில் கேட்டால், "பழைய எஞ்சின் எல்லாம் அப்படித்தான்" என்ற ஒரே பதில். அது பச்சைப் பொய்.

இந்தமுறை கராஜ் பாஸ், செயினை மூடியிருக்கும் முன் கவரைக் கழற்றி மேசையில் வைத்துக் காட்டினார். உள்பக்க அலுமினியத்தில் செயின் உரசி உரசி ஒரு பள்ளம், கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. பெருவிரல் நகத்தை வைத்தால் அப்படியே உள்ளே இறங்குகிறது. அதற்கு மறுபக்கம் கூலன்ட் ஓடும் பாதை. அந்தச் சுவர் அறுந்திருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலந்து பெயாரிங் எல்லாம் போயிருக்கும். எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சம்பைக் கழற்றினால், தேயிலைச் சாய நிறத்தில் கைட்டின் துண்டுகள். ஒன்று ஒயில் உறிஞ்சும் வலையிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரும்புத் தகடு வைத்த கைட், புதுச் செயின், டென்ஷனர், கவர், வோட்டர் பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. காலையில் இப்போது சத்தமே இல்லை. ஆனாலும் சாவியைத் திருப்பும்போது காது தானாக முன்பக்கம் போகிறது. அந்த எரிச்சலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இவ்வளவு உறுதியான இரும்பு புளொக்கைச் செய்தவர்கள், அதன் உயிரைக் கையளவு பிளாஸ்டிக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே மச்சான், போடாதே. உன் 2டீக்கு ரிங் மாற்றி அதையே ஓட்டு. இல்லை, போட்டே தீருவேன் என்றால் இரட்டைச் செயின் எஞ்சினாகப் பார். எடுக்கும்போதே முன் கவரைக் கழற்றிக் காட்டச் சொல். மாட்டேன் என்கிற கடையில் நிற்காதே. பற்றுச்சீட்டையும் இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் அன்றைக்கே கையில் வாங்கிக்கொள், நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்ற அவை வேண்டும்.

என்னுடையதை விற்பாயா என்றும் கேட்டிருந்தாய். விற்க மாட்டேன்.