தண்ணீர் படாத இடம் எது? பழைய ஃப்ளஷ் கழிப்பறைகள்: ஓர் ஒப்பீடு

1884-இல் லண்டனில் நடந்த சர்வதேச சுகாதாரக் கண்காட்சியில் கழிப்பறைக் கோப்பைகளுக்குப் பரீட்சை வைத்தார்கள். சராசரியாக ஒன்றேகால் அங்குல விட்டத்தில் 10 ஆப்பிள்கள், நாலரை அங்குல அகலத்தில் தட்டையான ஸ்பாஞ்சு ஒன்று, உட்சுவரில் பிளம்பர்கள் ஈயக்குழாய் வேலைக்குப் பூசும் 'ஸ்மட்ஜ்' என்ற கரிப்பசை, அந்தப் பசைமேல் அழுத்தி ஒட்டிய 4 காகிதத் துண்டுகள். இத்தனையையும் 2 காலன் தண்ணீர், அதாவது சுமார் 9 லிட்டர், ஒரே வீச்சில் கொண்டுபோக வேண்டும். ஜார்ஜ் ஜென்னிங்ஸ் நிறுவனத்தின் பெடஸ்டல் கோப்பை அதைச் செய்துகாட்டித் தங்கப் பதக்கம் வாங்கியது.

அந்தப் பரீட்சையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஆப்பிளைத் தள்ளுவது ஒன்று, கரியைக் கழுவுவது இன்னொன்று. முதல் வேலையை ஓரளவு செய்த கோப்பைகள் அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் நிறைய வந்துவிட்டன. இரண்டாவதில்தான் பெரும்பாலானவை தோற்றன. அதனால் இங்கே ஒவ்வொரு வகையிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம்: ஃப்ளஷ் அடித்து முடிந்த பிறகு, அழுக்கு பட்டும் தண்ணீர் படாமல் மிச்சமிருக்கும் பரப்பு எது?

வால்வா, செம்புத் தட்டா?

ஆரம்பப் புள்ளி ஆங்கிலக் கவிஞர் ஜான் ஹாரிங்டன். 1596-இல் அவர் விவரித்த கழிப்பறையில் மேலே தொட்டி, அடியில் வால்வ், நடுவில் கோப்பை எல்லாமே இருந்தன. ஆனால் ஒரு தடவைக்கு ஏழரை காலன் தண்ணீர் கேட்டது. கீழே ட்ராப் இல்லாததால் குழியின் நாற்றம் வால்வின் இடுக்கு வழியே மேலே வந்தது.

ட்ராப்பைக் கொண்டுவந்தவர் லண்டன் கடிகாரத் தொழிலாளர் அலெக்சாண்டர் கம்மிங், 1775 காப்புரிமையில். வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், வாயு மேலே வராது, ஒவ்வொரு ஃப்ளஷ்ஷிலும் அந்தத் தண்ணீர் மாறிவிடும். இன்றுவரை எல்லாக் கோப்பையிலும் இருப்பது இதே ஏற்பாடு. அவருடைய பலவீனம் கோப்பையின் அடியில் வைத்த இழுப்பு வால்வ். டிராயர் மாதிரி பக்கவாட்டில் நகரும் தகடு அது. நகரும் பள்ளத்தில் கழிவு சிக்கினால் முழுதாக மூடாது. மூடாவிட்டால் கோப்பையில் தண்ணீர் நிற்காது.

1778-இல் ஜோசப் பிராமா அந்தத் தகட்டுக்குப் பதில் கீல் வைத்த மூடியைப் போட்டார். பின்னாளில் ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கண்டுபிடித்த அதே பிராமாதான். கைப்பிடியைத் தூக்கினால் மூடி கீழே விழுந்து திறக்கும், விட்டால் மேலேறி கோப்பையின் வாயில் அழுந்தி உட்காரும். சிக்குவதற்குப் பள்ளம் கிடையாது. நல்ல பித்தளை வேலை, விலை அதிகம்.

இதற்குப் போட்டியாக வந்து வீடுகளை நிரப்பியது மலிவான பேன் கிளாசெட். கோப்பையின் அடிவாயை ஓர் ஆழமில்லாத செம்புத் தட்டு தாங்கியிருக்கும். தட்டில் சில அங்குலம் தண்ணீர், அதில் கோப்பையின் விளிம்பு மூழ்கியிருக்கும். கைப்பிடியைத் தூக்கினால் தட்டு கவிழ்ந்து, உள்ளே இருப்பதைக் கீழே உள்ள பெரிய இரும்புக் கூட்டுக்குள் கொட்டும்.

வித்தியாசம் அந்த இரும்புக் கூட்டில்தான். தட்டு ஊஞ்சல்போல் கீழே ஆடி வர இடம் வேண்டும், அதனால் கூடு பெரிதாக இருந்தே ஆக வேண்டும். தட்டு கவிழும்போது கழிவு கூட்டின் சுவரெல்லாம் தெறிக்கும். மேலிருந்து வரும் தண்ணீரோ கோப்பையைச் சுற்றிவிட்டு நேராக நடுவில் இறங்கிவிடும், கூட்டின் சுவரைத் தொடவே தொடாது. தட்டின் அடிப்பக்கமும் அப்படித்தான். மேலே வெள்ளைக் கோப்பை பளிச்சென்று இருக்க, கீழே வருஷக்கணக்கில் படிவு ஏறும். அடுத்தவர் கைப்பிடியைத் தூக்கும்போது கூட்டில் தேங்கிய காற்று தள்ளப்பட்டு முகத்துக்கே வரும். பிராமா வால்வின் கீழேயும் ஒரு பெட்டி உண்டு. ஆனால் மூடி ஆடுகிற அளவுக்கு மட்டுமே இடம் வேண்டியிருந்ததால் அது சின்னது, கோப்பை நிறைய நின்ற தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது அதன் சுவரும் நனைந்தது. தண்ணீர் படாத பரப்பு பேனில் பல மடங்கு அதிகம் என்ற இந்த ஒரு காரணமே தீர்ப்புக்குப் போதும்.

பேனோடு வழக்கமாகச் சேர்ந்தே வந்தது ஈயத்தில் அடித்த டி ட்ராப். ஆங்கில 'D' எழுத்தைப் படுக்கவைத்த வடிவம். கம்மிங்கின் வளைந்த குழாயான எஸ் ட்ராப்பில் அகலம் மாறுவதில்லை, தண்ணீர் போகிற வேகத்தில் சுவரையும் தேய்த்துக்கொண்டு போகும். டி ட்ராப்பில் குழாய் திடீரென்று பெட்டியாக விரிகிறது. விரிந்த இடத்தில் வேகம் செத்துவிடும், மூலைகளில் வண்டல் தங்கும். இங்கிலாந்தின் கட்டட விதிகள் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தக் கூட்டையும் டி ட்ராப்பையும் பெயர் சொல்லியே தடை செய்தன.

அந்தத் தடைக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. 1871-இல் வேல்ஸ் இளவரசர் ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் தங்கிய பிறகு டைபாய்டில் விழுந்து பிழைத்தார், சாக்கடை வாயுதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. டைபாய்டு வாயுவால் வருவதில்லை, தண்ணீராலும் உணவாலும் வருகிறது. காரணம் தவறு. ஆனாலும் அந்தப் பயம் பிளம்பர்களைக் கூட்டுக்குள் எட்டிப் பார்க்க வைத்தது.

அசையும் பாகமே இல்லாத கோப்பைகள்

ஏழைகளின் வீடுகளுக்கும் வேலைக்காரர்களின் கழிப்பறைக்கும் போனது ஹாப்பர். நீண்ட புனல், அடியில் ட்ராப், அவ்வளவுதான். தண்ணீர் ஒரு பக்கத்துச் சிறு துளையில் நுழைந்து சுவரைச் சுற்றிச் சுற்றி இறங்கும். பார்க்க அழகு, கழுவ உதவாது. சுற்றுவதிலேயே விசை தீர்ந்து, ட்ராப்பில் கிடப்பதைத் தள்ள மிச்சமிருக்காது. நீளமான சரிவுச் சுவரில் கழிவு விழும் இடத்துக்கும் தண்ணீர் ஓடும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

உண்மையான போட்டி வாஷ் அவுட்டுக்கும் வாஷ் டவுனுக்கும்தான்.

வாஷ் அவுட்டில் கோப்பையின் அடி ஒரு தட்டு மாதிரி குழிந்திருக்கும், அதில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத் தண்ணீர். ஃப்ளஷ் தண்ணீர் பின்பக்கத்திலிருந்து வந்து, தட்டில் இருப்பதை எதிர்ப்பக்க மேட்டைத் தாண்டித் தள்ளி, அங்குள்ள செங்குத்துக் குழியில் விழச் செய்யும். ட்ராப் அந்தக் குழிக்குக் கீழே. தாமஸ் ட்வைஃபோர்ட் 1883-இல் கொண்டுவந்த 'யூனிடாஸ்' இந்த வகை. அடித்தண்டும் கோப்பையும் ட்ராப்பும் ஒரே பீங்கானில் வார்த்தது. ரஷ்ய மொழியில் கழிப்பறைக் கோப்பைக்கே 'உனிதாஸ்' என்று பெயர் நிலைத்தது இதிலிருந்துதான்.

யூனிடாஸுக்குத் தரவேண்டிய பெரிய மரியாதை ஒன்று உண்டு. அதற்கு முன் கோப்பையும் கம்பிகளும் நெம்புகோல்களும் மரப்பெட்டிக்குள் மறைந்திருந்தன. சிந்தியது, கசிந்தது எல்லாம் பெட்டிக்குள் ஊறும், துடைக்க வழியில்லை, கசிவு இருப்பதே மரம் அழுகிய பிறகுதான் தெரியும். தரையில் தனியாக நிற்கும் பீங்கான் அந்தப் பெட்டியை ஒழித்தது. சுற்றிலும் துடைக்கலாம், கசிந்தால் உடனே கண்ணில் படும்.

ஆனால் ஃப்ளஷ் விஷயத்தில் வாஷ் அவுட் தேறாது. தண்ணீர் முதலில் தட்டில் மோதும், பிறகு மேட்டில் ஏறும், பிறகு குழியில் விழும். மூன்று இடத்தில் விசை உடைகிறது. ட்ராப்புக்கு வந்து சேரும்போது அது வெறும் வழிதல். அதனால் கழிவு ட்ராப்பில் மிதந்துகொண்டே இருக்கும், இரண்டாவது தடவை அடிக்க வேண்டும். மேட்டுக்கும் ட்ராப்புக்கும் நடுவே உள்ள குழியின் சுவர்தான் இந்த வகையின் இரும்புக் கூடு: மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, ஃப்ளஷ் நேராகப் படாது, பிரஷ்ஷும் சரியாக எட்டாது. ஜெர்மனியில் தட்டு வைத்த கோப்பை நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. மலத்தைப் பார்த்து உடல்நிலை அறிய அது வசதி, தண்ணீரும் தெறிக்காது. அந்த வசதிக்கு விலை நாற்றமும் தினமும் பிரஷ் பிடிப்பதும்.

வாஷ் டவுனில் தட்டே இல்லை. ட்ராப்பின் தண்ணீர்தான் கோப்பையின் அடியில் தெரிகிறது. பின்சுவர் கிட்டத்தட்ட செங்குத்து, முன்சுவர் சரிவு. விழுவது நேராகத் தண்ணீரில் விழும். ஃப்ளஷ் விளிம்பிலிருந்து நேராக ட்ராப்புக்குள் இறங்கும், நடுவில் மோத எதுவுமில்லை. கண்ணுக்கு மறைவாக இருப்பது ட்ராப்பின் வளைவு மட்டும், அதைத்தான் தண்ணீர் முழு வேகத்தில் தேய்க்கிறது.

இதையும் கெடுக்க முடியும், பலர் கெடுத்தார்கள். பின்சுவரைச் சாய்வாக வார்த்தால் கழிவு அதில்தான் விழும். தண்ணீர்ப் பரப்பைச் சின்னதாக்கினாலும் அதே கதி. வாட்டர் சீலை, அதாவது ட்ராப்பில் நின்று வாயுவைத் தடுக்கும் தண்ணீரை, மிக ஆழமாக்கினால் 2 காலனால் அதைத் தள்ள முடியாது, மிகக் குறைத்தால் ஆவியாகி நாற்றம் வரும். 2 அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், நல்ல நடு அளவு. நம் கிராமப்புறக் கழிப்பறைகளில் குவளையால் ஊற்றிக் கழுவும் ரூரல் பேனிலும் இதே கணக்குதான்: 25 முதல் 28 டிகிரி வரை செங்குத்தான சரிவு, 20 மில்லிமீட்டர் சீல், அதனால் ஒன்றரை இரண்டு லிட்டரிலேயே கழுவிவிடும். அடி தட்டையான பழைய நீளப் பேன் அதைவிடப் பல மடங்கு தண்ணீர் கேட்பதற்குக் காரணம், அது பாதி வாஷ் அவுட்.

சைஃபன், அதாவது நிரம்பிய வளைகுழாய் தண்ணீரைத் தானே உறிஞ்சி இழுக்கும் வகை, அமெரிக்காவில் வேரூன்றியது. ட்ராப்பின் ஏறு குழாயில் தனி ஜெட் பாய்ந்து சைஃபனைத் தொடங்கிவைக்கும், கோப்பையில் உள்ளதெல்லாம் உறிஞ்சப்பட்டுப் போகும். அகலமான தண்ணீர்ப் பரப்பு இருப்பதால் சுவரில் ஒட்டுவது மிகக் குறைவு, சத்தமும் குறைவு. சுத்தத்தில் வாஷ் டவுனைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். ஆனால் சைஃபன் பிடிக்க வேண்டுமானால் குழாய் குறுகலாகவும் வளைந்தும் இருக்க வேண்டும், அடைப்பு அங்கேதான் பிடிக்கும். உறிஞ்சிய பிறகு சீலை நிரப்பக் கூடுதல் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் தாராளமாக இல்லாத வீட்டுக்கு வாஷ் டவுன்தான் சரி.

தொட்டியும் குழாயும்

கோப்பை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீர் வேகமாக வராவிட்டால் பயனில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல வீடுகளில் குடிநீர்த் தொட்டியிலிருந்தே நேராகக் குழாய் இழுத்தார்கள். டைபாய்டுக்கு உண்மையிலேயே வழிவிடக்கூடிய இணைப்பு அது. கைப்பிடியைக் கயிற்றால் கட்டித் தண்ணீரை ஓடவிட்டவர்களும் உண்டு. தண்ணீர் நிறுவனங்கள் ஒரு தடவைக்கு 2 காலனுக்கு மேல் விடாத தனித் தொட்டியைக் கட்டாயமாக்கின. 3 காலன் இல்லாமல் வடிகால் சுத்தமாகாது என்று சுகாதாரப் பொறியாளர்கள் விடாமல் வாதாடினார்கள்.

இரண்டு காலனை வைத்து ஒப்பேற்ற வேண்டுமானால் உயரமும் குழாயின் விட்டமும் சரியாக இருக்க வேண்டும். சுமார் 6 அடி உயரத்தில் தொட்டி, ஒன்றேகால் அங்குலக் குழாய் என்றால் 9 லிட்டரும் 5 வினாடி அளவில் இறங்கிவிடும். முக்கால் அங்குலக் குழாய் போட்டால் துளையின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். அதே தண்ணீர் பதினைந்து வினாடிக்கு அழும், கோப்பை நனையும், எதுவும் நகராது. குழாயில் சட்டென்று ஒடியும் எல்போ வைத்தாலும் கொஞ்சம் விசை அங்கேயே போய்விடும்.

தொட்டிக்குள் வால்வா சைஃபனா என்பது அடுத்த போட்டி. அடியில் அடைப்பான் வைத்த தொட்டியில் தோல் வாஷர் தேய்ந்தால் நாள் முழுக்கச் சொட்டும், யாருக்கும் தெரியாது. சைஃபன் தொட்டியில் கனமான இரும்பு மணி ஒன்று நிற்குழாயின்மேல் கவிழ்ந்திருக்கும். சங்கிலியை இழுத்து விட்டால் மணி விழும் வேகத்தில் தண்ணீர் குழாயின் உச்சியைத் தாண்டும், சைஃபன் பிடித்து முழுத் தொட்டியும் காலியாகும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் கசிவதற்கு வழியே இல்லை. சங்கிலியை மெதுவாக இழுத்தாலோ, தொட்டி நிரம்பியதும் மிதவையால் தண்ணீரை நிறுத்தும் பால் வால்வ் தாழ்வாக அடைத்து மட்டம் குறைந்தாலோ சைஃபன் பிடிக்காது. கோளாறு என்று வந்தால் பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றுதான். பிரிட்டனில் சைஃபன் மட்டுமே என்ற விதி 2001 தொடக்கம் வரை இருந்தது.

கடைசியாக, கோப்பையின் விளிம்பு. முதலில் தண்ணீர் ஒரே துளையில் நுழைந்தது. அதன் எதிரே சிறு உலோகத் தகடு வைத்து விசிறிபோல் விரித்தார்கள். தகட்டுக்கு நேரே நன்றாக நனையும், பின்னால் காய்ந்தே கிடக்கும், தகடே துருப்பிடித்துச் சாய்ந்துவிடும். உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்த விளிம்பு வந்த பிறகுதான் சுற்றிலும் ஒரே சீராகத் தண்ணீர் இறங்கியது. 1884-இல் கரிப்பசையை வெல்ல முடிந்ததற்கு இந்த விளிம்பின் பங்கு பெரியது. இதன் எதிரி உப்புத் தண்ணீர்: துளைகள் ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு பிடித்து அடையும்போது, அடைந்த துளைக்கு நேர் கீழே மஞ்சள் கோடு விழும்.

வீட்டுக் கோப்பையின் விளிம்பைச் சோதிக்க ஆப்பிள் தேவையில்லை. விளிம்புக்கு 25 மில்லிமீட்டர் கீழே, தண்ணீரில் கரையும் மையால் உட்சுவரைச் சுற்றி ஒரு கோடு போட்டு, ஒரு தடவை ஃப்ளஷ் அடிக்க வேண்டும். இன்றைய ஆய்வுக்கூடச் சோதனையில் மிச்சமிருக்கும் கோட்டுத் துண்டுகளின் மொத்த நீளம் 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, எந்த ஒரு துண்டும் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த இடத்துக்கு நேர் மேலே உள்ள துளையை வினிகரில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, மறுபடி கோடு போட்டுப் பார்க்கலாம்.