படம் பார்க்க ஒரு நாஸ்: பெட்டியை விட டிவி பக்கம்தான் வேலை அதிகம்

வீட்டு நாஸ் (டிஸ்க்குகளைப் போட்டு, வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் சேமிப்புப் பெட்டி) பற்றிய பேச்சு எப்போதும் எத்தனை பே (டிஸ்க் செருகும் இடம்), எத்தனை ஜிபி ரேம், 2.5 கிகாபிட் போர்ட் உண்டா என்றே போகும். ஃபோட்டோ, ஆபீஸ் ஃபைல் வைக்க அது சரி. படம் ஸ்ட்ரீம் செய்யத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது டிவி. அது எந்த ஃபைலை அப்படியே ஓட்டும், எதை ஓட்டாது என்பதுதான் நாஸுக்கு எவ்வளவு வேலை வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஃபைல் அப்படியே ஓடினால் பத்து வருடப் பழைய பெட்டியும் போதும். டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு ஃபைலை ஓடும்போதே மாற்றும் டிரான்ஸ்கோடிங் வந்துவிட்டால் புதுப் பெட்டியும் மூச்சு வாங்கும்.

இங்கே பேசுவது சைனாலஜி டிஎஸ்224+ ரகத்தைப் பற்றி. இன்டெல் செலரான் ஜே4125, 2 ஜிபி ரேம், இரண்டு பே, அதன் மேல் படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள். அந்தச் சிப்பில் உள்ள குவிக் சிங்க் என்ற வீடியோ மாற்றும் பகுதி, ஹெச்.265 முறையில் சுருக்கிய 4கே படத்தை 1080பி-க்கு மாற்றித் தரும். ஒரே நேரத்தில் ஒருவர் பார்க்கும்வரை தொல்லையில்லை. ஹெச்டிஆர் (ஒளியும் நிறமும் கூடுதலான) படத்தைச் சாதாரண டிவிக்காக நிறம் மாற்ற வேண்டி வந்தால் திணறும். ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவம் அதற்குத் தெரியவே தெரியாது. இன்று புதிதாக வாங்குபவர்களுக்கு என் தேர்வு இன்டெல் என்100 மினி பிசி. ஏவி1 டீகோடிங் உண்டு, சிப்பின் டிடிபி (வெப்ப, மின் அளவு) வெறும் 6 வாட். ஆனால் லினக்ஸ், டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் கருவி) என்று கொஞ்சம் கை அழுக்காகும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு நாஸ் பெட்டிதான் நல்லது. பெட்டியோடு வரும் மீடியா ஆப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சைனாலஜி 2024இல் தன் நாஸ் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2.2 கொண்டுவந்தபோது அதன் மீடியா ஆப்பான வீடியோ ஸ்டேஷன் ஒரேயடியாகப் போய்விட்டது. டிஎஸ்923+ மாதிரியில் ஏஎம்டி சிப். பே அதிகம், ஆனால் கிராஃபிக்ஸ் இல்லாததால் வீடியோ மாற்றும் வேலைக்கு உதவாது.

படம் நின்று நின்று ஓடினால் உடனே நாஸைத் திட்டாமல், ஓடும்போதே ஜெல்லிஃபினின் பல்சக்கரப் பொத்தானில் பிளேபேக் விவரத்தைத் திறந்து பாருங்கள். டைரக்ட் பிளேயா (ஃபைல் அப்படியே ஓடுகிறதா), டிரான்ஸ்கோடா, எதனால் என்று அங்கேயே இருக்கும். பெரும்பாலும் குற்றவாளி வீடியோ இல்லை. ஒலி அல்லது சப்டைட்டில்.

ஒலியில் முதல் எதிரி டிடிஎஸ் என்ற ஒலி வடிவம். 2018-க்குப் பிந்தைய சாம்சங் டிவிகள் அதை ஓட்டுவதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் வீடியோவுக்கு 'காப்பி' கொடுத்து, ஒலியை மட்டும் 640 கேபிபிஎஸ் ஏசி3-ஆக மாற்றிவிட்டால் சில நிமிட வேலைதான். படத்தின் தரம் துளியும் குறையாது.

சப்டைட்டிலில் ப்ளூ-ரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் வகை எழுத்தே அல்ல, படம். பல டிவி ஆப்களுக்கு அதைக் காட்டத் தெரியாது. அப்போது சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதை ஒட்டி, முழு வீடியோவையும் புதிதாக என்கோட் செய்யும். இரண்டு வரி சப்டைட்டிலுக்காக 4கே படம் முழுக்க அரைபடும். எழுத்தாகவே உள்ள தனி எஸ்ஆர்டி சப்டைட்டில் ஃபைல் வைத்தால் இந்த வம்பே இல்லை. தமிழ் எஸ்ஆர்டி கிறுக்கலாகத் தெரிந்தால் ஃபைல் பழைய எழுத்துரு முறையில் இருக்கிறது. யூனிகோடாக மாற்றி யூடிஎஃப்-8-இல் சேமியுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு நோய்: எழுத்தை வரையும் இடத்தில் தமிழ் ஃபான்ட் இல்லை. பிரவுசரில் பார்ப்பவர்கள் ஜெல்லிஃபினின் ஃபால்பேக் ஃபான்ட் ஃபோல்டரில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த வில்லன் டிவியின் லேன் போர்ட். விலை உயர்ந்த டிவிகளில்கூட அது 100 மெகாபிட்தான் பல நேரம். 4கே ப்ளூ-ரே டிஸ்க்கின் பிட்ரேட் உச்சத்தில் 128 மெகாபிட் வரை போகலாம். அதனால்தான் அமைதியான காட்சியெல்லாம் நன்றாக ஓடி, சண்டைக் காட்சியில் சுற்ற ஆரம்பிக்கும். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். ஒயரை விட வேகமாக இருக்கும். நாஸ் மட்டும் எப்போதும் ஒயரில் இருக்கட்டும். அங்கே சாதாரண கிகாபிட்டே தாராளம்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆரா (தடங்கள் தனித்தனியாக எழுதப்படும் வகை) எஸ்எம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் திரும்ப எழுத மெதுவான வகை) என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 2020இல் டபிள்யூடி ரெட் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையே ஆனது. இப்போது ரெட் பிளஸ், ஐயன்வுல்ஃப் வரிசைகள் சிஎம்ஆர். படம் பார்ப்பதில் வித்தியாசம் தெரியாது. ரெய்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அமைப்பு) ஒரு டிஸ்க் செத்து மாற்றும்போது எஸ்எம்ஆர் உயிரை வாங்கும்.

ரெய்டு 1 (ஒரே ஃபைலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது) வேண்டுமா? திரும்பச் சேர்த்துவிடக்கூடிய படங்களுக்கு வேண்டாம் என்பேன். இரண்டு 4 டிபி டிஸ்க்கைத் தனித்தனியாக வைத்தால் நாஸ் காட்டும் கணக்கில் 7.2 டிபி போல இடம் கிடைக்கும். ரெய்டில் அதில் பாதிதான். கல்யாண வீடியோ, குழந்தைகள் படம் இவற்றை யூஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுத்து, பிளக்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். தவறி அழித்ததை ரெய்டு மீட்டுத் தராது.

கரண்ட் விஷயம் நம் ஊரில் தனிக் கதை. 600 விஏ யூபிஎஸ் போதும். ஆனால் யூஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளதாகப் பாருங்கள். அது இருந்தால்தான் கரண்ட் போனது நாஸுக்குத் தெரிந்து தானே அணையும். கரண்ட் போய் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் அணையும்படி அமைக்கலாம். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் சில யூபிஎஸ்கள் அதைக் கரண்டாகவே ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடி வற்றிவிடும். மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் நாஸை வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் டிஸ்க் 50 டிகிரியைத் தொட்டுவிடும். மின்செலவு பயப்படும்படி இல்லை. சராசரி 15 வாட் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட்.

டிஸ்க்கைத் தூங்கவைக்க (சும்மா இருக்கும்போது சுழலாமல் நிறுத்த) நினைப்பவர்கள் ஜெல்லிஃபினின் டேட்டாபேஸை எஸ்எஸ்டியில் வைக்க வேண்டும். அது டிஸ்க்கிலேயே இருந்தால் டிஸ்க்கைத் தூங்க விடாது.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறப்பது (இணையத்திலிருந்து நேரே உள்ளே வர வழி விடுவது) வேண்டவே வேண்டாம். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரேன்சம்வேர் (ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்), இணையத்தில் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களை 7-ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியது. போதாக்குறைக்கு, நம் பிராட்பேண்ட் இணைப்புகள் பல சிஜிநாட்டுக்கு (பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருப்பதால் போர்ட் ஃபார்வர்டிங் வேலையே செய்யாது. டெயில்ஸ்கேல் என்ற தனி விபிஎன் மென்பொருள் போட்டால் இரண்டுக்கும் தீர்வு. வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம்தான் அப்போது எல்லை.

மாதம் ஒருமுறை டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 (கெட்டுப்போன இடங்களைக் காட்டுபவை) எண்களைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தவை ஏற ஆரம்பித்தால் அன்றே புது டிஸ்க் ஆர்டர் போடுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் சாட்டா கேபிள் அல்லது கனெக்டர்தான் காரணம். மினி பிசியில் கேபிளை மாற்றுங்கள், நாஸ் பெட்டியில் டிஸ்க்கைக் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது, மேற்கொண்டு ஏறாமல் நின்றால் போதும்.