அதிர்வைத் தடுக்க: கையுறையா, நல்ல கருவியா?

கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரை வருடக்கணக்கில் பிடிப்பவருக்கு விரல் நுனி மரத்துப்போகும். அப்புறம் குளிர் பட்டாலே விரல் வெளுத்துவிடும். சட்டைப் பட்டன் போடக்கூடக் கை தடுமாறும். நரம்பு கெட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாவதில்லை.

ஜெல் வைத்த கையுறை மலிவு, இன்றே வாங்கிவிடலாம். ஆனால் அது ஓரளவு தணிப்பது இரும்பு தேய்க்கும் கிரைண்டர் போன்றவற்றின் வேகமான அதிர்வைத்தான். பிரேக்கரின் அடி நொடிக்குச் சில பத்து முறை விழும். அந்த மெதுவான அதிர்வு கையுறையைத் தாண்டி மணிக்கட்டுக்கே போய்விடும். உறை தடித்தால் பிடி நழுவுமோ என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், அதிர்வு கூடுதலாக ஏறும். கையைச் சூடாக வைத்திருக்கும் என்பது மட்டும் உண்மையான பயன். குளிர்காலத்தில் அதற்காகவே போடலாம்.

கைப்பிடியில் ஸ்பிரிங் வைத்த, அதிர்வு குறைந்த கருவி விலை அதிகம்தான். சரி, கணக்கைப் பாருங்கள். பிரிட்டனின் 2005 விதிப்படி 8 மணி நேர வேலைநாளில் கைக்கு ஏறும் அதிர்வின் உச்ச வரம்பு 5 மீ/வி² (அதிர்வின் வலுவை முடுக்கமாக அளக்கும் அலகு இது). 10 மீ/வி² அதிரும் கருவியில் 2 மணி நேரத்திலேயே அந்த வரம்பு வந்துவிடும். 5 மீ/வி² அதிரும் கருவியில் 8 மணி நேரம் ஆகும். அதிர்வு பாதியானால் நேரம் 4 மடங்கு.

என் ஓட்டு கருவிக்கே. அதற்குக் காசு இல்லையென்றால் உளியைக் கூராக வையுங்கள், ஆளை மாற்றி மாற்றி நிறுத்துங்கள். கையுறை கொடுத்தாயிற்று என்று நேரத்தை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.