குடம் இல்லாத வில்லுப்பாட்டு

எங்கள் அம்மாவுக்கு எண்பது வயது நிறைந்ததையொட்டி, சென்ற மாதம் வடசேரி வீட்டு முற்றத்தில் உறவினர்கள் அறுபது பேர் அளவில் கூடியிருந்தோம். மெல்லிசைக் குழுவை அழைத்தால் தெருவின் தூக்கத்துக்கும் சேர்த்து நாங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் மாணவர்கள் வாத்தியமே இல்லாமல் பாடுகிறார்கள் என்று தம்பி மகள் சொன்னாள். ஒன்பது பேர், நாற்பது நிமிட நிகழ்ச்சி. 12,000 ரூபாயோடு வண்டிச் செலவும் இரவுச் சாப்பாடும் என்று பேசி முடித்தோம். குழுவுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் ஒன்பது பேரும் இன்னும் ஒரே சுருதிக்கு வரவில்லையாம்.

இவ்வாறு குரல்களை மட்டுமே கொண்டு பாடுவதை 'அ கப்பெல்லா' என்கிறார்கள். தேவாலயத்தில் பாடும் முறையில் என்பது அந்த இத்தாலியச் சொற்களின் பொருள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் 1909-இல் தொடங்கிய விஃபன்பூஃப்ஸ் குழு முதலாக, கல்லூரிதோறும் இதற்கு ஒரு மரபு உண்டு. ஒருவர் பாட்டைப் பாட, மற்றவர்கள் கித்தாரும் டிரம்முமாகத் தொண்டையை மாற்றிக்கொள்வது அங்கே பழகிய வழி. இவர்கள் முதலில் பாடிய இரண்டு திரைப்பாடல்களும் அந்த வழியில்தான் அமைந்தன. கைப்பேசியில் எல்லோரும் கேட்டுச் சலித்த வகைதான் என்பதால் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

மூன்றாவதாகத் தொடங்கியது வில்லுப்பாட்டு. வில்லும் இல்லை, வீசுகோலும் இல்லை, வில்லைத் தாங்கும் குடமும் இல்லை. ஒரு மாணவி உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்து, கன்னத்தைச் சற்று உப்பிக்கொண்டு 'கும்' என்று விட்ட ஒலி, குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டையால் தட்டும்போது எழும் அதே கனத்தோடு முற்றத்தில் இறங்கியது. வில்லில் தொங்கும் மணிகளை இருவர் பற்களுக்கிடையே ஒலித்தார்கள். உடுக்கையின் இழுப்பை ஒரு பையன் அடித்தொண்டையில் கொண்டுவந்தான். பழைய நாளில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர் என்பதால், அம்மா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, "ஏ மக்களே, கொடத்த எங்க வெச்சிருக்கிய?" என்று நடுவிலேயே கேட்டுவிட்டார்.

கதையும் இவர்களே கட்டியதுதான்: தோவாளைப் பூச்சந்தையில் ஒரு விடியற்காலை. பூக்களின் பெயர்களையே தாளக்கட்டாக்கிப் பங்கு பிரித்திருக்கிறார்கள். பெண்குரல்கள் 'பிச்சி, பிச்சி' என்று மேலே துள்ள, நடுக்குரல்கள் 'அரளி' என்று உருள, கீழ்க்குரல் 'சம்பங்கி' என்னும் சொல்லை மூன்றாக அறுத்து நிறுத்தி வைக்கிறது. ஓணம் நெருங்க, கேரளத்து வியாபாரிகள் வந்து விலை ஏறும் கட்டத்தில், ஒவ்வொரு ஏலக்குரலும் முந்தையதைவிட அரைச்சுரம் மேலே ஏறுகிறது; அதாவது விலை உயர்வதைக் காதாலேயே எண்ணிவிடலாம். பின்பாட்டுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் 'ஆமா' கூட இங்கே வெறும் ஆமோதிப்பாக நிற்காமல், நான்கு குரல்களில் விரிந்த ஒரு சுரக்கூட்டாக வந்து விழுகிறது. அந்த ஒரு 'ஆமா'வுக்காகவே கொடுத்த பணம் தகும் என்பது என் கருத்து.

சாப்பாட்டு வேளையில் விசாரித்தபோதுதான் இதன் சூட்சுமம் பிடிபட்டது. ஒன்பது பேரில் ஐவர் தேவாலயப் பாடகர் குழுக்களில் வளர்ந்தவர்கள். 'டோ ரே மி' சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறையைப் பார்த்து நான்கு குரலாகப் பிரிந்து பாடுவது அவர்களுக்குச் சிறுவயதுப் பழக்கம். மற்றவர்களில் இருவர் கொடைக்குப் பாடும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். நம் மாவட்டத்தில் ஒரே தெருவின் இரண்டு முனைகளிலும் கேட்கும் இவ்விரண்டு இசைகளையும் ஒரே பாய்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. வாத்தியம் இல்லாமல் பாடும்போது சுருதி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஒருவர் இறங்கினால் மற்றவர்களும் அவரையே பற்றிக்கொண்டு இறங்குவதால், பாடுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. தலைமை தாங்கிய மாணவர் பாட்டுக்கு முன், தட்டினால் ஒரே சுரத்தை ஒலிக்கும் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்துத்தான் சுருதி கொடுத்தார். ஏலக்காட்சி முடிந்ததும் மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஏறியதெல்லாம் ஏறியும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டார்கள் போலும். விரைவான அடிகளில் சொற்களும் தெளிவாக விழவில்லை. வில்லுப்பாட்டில் கதை புரியாவிட்டால் பாதி நஷ்டம்.

இதில் எங்கள் பிழையும் கலந்திருக்கிறது. தனியாக வாடகைக்கு எடுத்த மைக்செட்டின் பொறுப்பாளர், வழக்கப்படி எக்கோவைத் தாராளமாக ஏற்றிவிட்டதால், முதல் பத்து நிமிடம் நான்கு குரல்களும் குழைந்து கூழாகிவிட்டன. பிறகு மாணவர்களே மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் பந்தலுக்கு நடுவே வந்து நின்று பாடினார்கள். மணியொலி வரைக்கும் கடைசி வரிசையில் கேட்டது.

கல்யாண மண்டபத்துக்கு இவர்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஐந்நூறு பேர் பந்திக்கு முந்தும் இடத்தில் இந்த இசை எடுபடாது. வீட்டு முற்றம், நூலக அறை, சிறிய ஆலயம் போன்ற இடமாக இருந்தால் தயங்காமல் அழைக்கலாம். திரைப்பாடல்களை விட்டுவிட்டுப் பூச்சந்தைக் கதையை முழு நேரத்துக்கும் பாடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பருவத் தேர்வு நாட்களில் வரமாட்டார்கள் என்பதால் தேதியை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.