மாதம் ஒருமுறை ஓடும் காருக்கும் புகைச் சான்றிதழ்

அப்பாவின் பழைய பெட்ரோல் கார் இப்போது என் பெயரில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்தால் பெரிது. போன வருஷம் முழுக்க ஓடியதே 640 கிலோமீட்டர்தான். குறைவாக ஓடும் வண்டிக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டுப் பரிசோதனை நிலையத்துக்கு போன் போட்டேன். "அப்படியே வாங்க சார், எழுதித் தந்துடுறோம்" என்றார்கள். நேரில் போனால் கதை வேறு. போன வருஷத்து ஓடோமீட்டர் கணக்கு வேண்டும், வண்டி ஒரு வருஷமாவது என் பெயரில் இருந்திருக்க வேண்டும். பெயர் மாற்றி ஐந்தே மாதம். இதை போனிலேயே கேட்டிருக்கலாமே! இந்த நிலையத்துக்கான மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான் குறைத்தேன்.

சரி, டெஸ்ட்டே எடுத்துவிடுவோம் என்றேன். பரிசோதகர் ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி பிளக்கைச் செருகித் திரையைப் பார்த்தார். "பேட்டரியைக் கழற்றினீங்களா?" காலையில்தான் செத்துப்போன பேட்டரியை மாற்றியிருந்தேன். கழற்றியதும் காரின் கம்ப்யூட்டர் தன் சுயபரிசோதனை முடிவுகளை மறந்துவிடுமாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி சிஸ்டம் என்று வரிசையாக 'ரெடி இல்லை'. எஞ்சின் விளக்கை அணைக்க ஸ்கேனரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவர்களும் இதில்தான் மாட்டுகிறார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்தாரோ என்னவோ.

பணம் வாங்காமலே திருப்பி அனுப்பினார். அந்தச் சுயபரிசோதனைகள் மறுபடி முடிய, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பி, கொஞ்சம் நெரிசலில், கொஞ்சம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் என்று நாலைந்து நாள் ஓட்ட வேண்டும். டேங்க் பாதி இருந்தால் போதும்; முழுக்க நிரப்பினால் ஆவி சோதனையைக் கம்ப்யூட்டர் தொடங்கவே தொடங்காது. டெஸ்ட் அன்று இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு எஞ்சினை ஆறவிடாமல் நேராக வர வேண்டும். கன்வர்ட்டர் சுமார் 300 டிகிரிக்குச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யுமாம். அடிக்கடி ஓடாத வண்டி அந்தச் சூட்டை எங்கே பார்க்கிறது? தெருமுனைவரை போய்த் திரும்புவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது.

ஆறாம் நாள் போனேன். சைலன்சருக்குள் குழாயை நுழைத்தார்கள், கார்பன் மோனாக்சைடு 0.04 சதவீதம். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. உட்காரத்தான் ஒரு நாற்காலி இல்லை. அப்புறம் சான்றிதழைக் கொடுக்கும்போது ஓடோமீட்டர் எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டு, "தொலைச்சிடாதீங்க, அடுத்த வருஷம் விலக்கு கேட்க இதுதான் கணக்கு" என்றார்.