காரை பெயர்ந்த சுவர்: பட்டி தேய்க்கும் முன்பே பார்த்துவிடுங்கள்

உள்சுவரில் காரை பெயர்ந்து ஆள் கூப்பிடுகிற வீடுகளில் ஏமாற்று ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. வந்தவர் சுவரை நாலு தட்டு தட்டுவார். "மொத்தமும் போச்சுங்க, எங்க தொட்டாலும் உதிருது, ஃபுல்லா எடுத்துப் பூசிரலாம்" என்பார். முழுச் சுவருக்கும் சதுர அடி ரேட் பேசி, பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கி, மூன்றே நாளில் பூசி, பட்டி (பெயிண்டுக்கு அடியில் தேய்க்கும் வெள்ளை மாவு) தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டுப் போவார். அன்றைக்குச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். அடுத்த மழை முடிவதற்குள் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளித்து, வெள்ளையாக உப்பு பூத்து, விரலை வைத்தால் மாவாகக் கொட்டும். போன் செய்தால், "அது சுவரோட பிரச்சினைங்க, பூச்சு நல்லாத்தான் பூசினோம்" என்று பதில் வரும்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். சுவருடைய பிரச்சினைதான், ஆனால் அது அவருக்கு முதல் நாளே தெரியும்.

முதலில் அளவு. தட்டிப் பார்க்கிற வேலையை அவரிடம் விடாதீர்கள். ஒரு நாணயத்தை எடுத்து அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். பிடிப்போடு இருக்கும் பூச்சு 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு காலிப் பெட்டியைத் தட்டியது போலப் பொக்கையாக ஒலிக்கும். ஒலி மாறும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து இணைத்தால் சேதத்தின் எல்லை தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்தைவிட அது பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் முழுச் சுவர் என்பது பெரும்பாலும் கட்டிய கதை. எல்லையைத் தாண்டி இரண்டு அங்குலம் விட்டுச் சதுரமாகக் கோடு போட்டு, அதற்கு மட்டும் எஸ்டிமேட் கேளுங்கள்.

அடுத்தது டேப். இப்படிப் பெயர்த்துப் பூசுகிற துண்டுதான் ஒட்டு. 3 அடி 4 அங்குலத்துக்கு 4 அடி 3 அங்குலம் உள்ள ஒட்டு 14 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அதையே "ரவுண்டா" 4-க்கு 5 என்று எழுதினால் 20 சதுர அடி. ஒரே ஒட்டில் 40 சதவீதம் ஏறிவிட்டது, யாரும் பொய் சொன்ன மாதிரியும் தெரியாது. சன்னலில் இன்னொரு கணக்கு உண்டு. சன்னல் இடத்தைக் கழிக்காமல் சுவரை முழுதாக அளந்துவிட்டு, "ஓரப் பூச்சுக்கு அது சரியாப் போயிரும்" என்பார்கள். சின்ன சன்னலுக்கு இது ஒத்துக்கொள்ளக்கூடிய வழக்கம்தான். ஆனால் அதே பில்லில் கீழே "சன்னல் ஓரம், ரன்னிங் அடி" என்று நீளக் கணக்கில் தனி வரி வந்தால் ஒரே வேலைக்கு இரண்டு காசு. இடத்தைக் கழித்திருந்தால் ஓரத்துக்குத் தனியாகக் கொடுங்கள், கழிக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள்.

பொருள் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். உள்சுவருக்கு 12 மி.மீ. கனம், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது பரவலான அளவு. சேதாரம், மேடுபள்ளம் எல்லாம் சேர்த்து 100 சதுர அடிக்கு 35 முதல் 40 கிலோ சிமெண்டும் ஐந்தரை, ஆறு கன அடி மணலும் போதும். மேலே சொன்ன 14 சதுர அடி ஒட்டுக்கு வேண்டியது ஐந்து, ஐந்தரைக் கிலோ சிமெண்டும் ஒரு கன அடிக்கும் குறைந்த மணலும்தான். பில்லில் மூன்று மூட்டை என்று இருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். செங்கல் கோணல்மாணலாக இருந்து கனம் 20 மி.மீ. வரை போனால் அளவு கூடும், இரண்டு கையாகவும், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை, பூச வேண்டியிருக்கும். அப்போதும் மூன்று மூட்டை வராது. இடிபாட்டிலும் இதே விளையாட்டு உண்டு. 100 சதுர அடிக் காரையைப் பெயர்த்தால் ஏறக்குறைய 200 கிலோ வரும், 14 சதுர அடிக்கு 30 கிலோ. இரண்டு சாக்கில் கட்டித் தூக்கிப்போகிற குப்பைக்கு "டெப்ரிஸ் ஒரு லோடு" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சின்ன ஒட்டில் பொருள் செலவு அற்பம், கூலிதான் செலவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒட்டுக்குக் கொத்தனார் இரண்டு மூன்று தடவை வந்து போக வேண்டும். அதனால் "எவ்வளவு சின்னதா இருந்தாலும் இத்தனை நாள் கூலி ஆகும்" என்று முன்கூட்டியே சொல்பவர்மேல் சந்தேகப்படாதீர்கள். சதுர அடிக்கு அடிமட்ட ரேட் சொல்பவரிடம்தான் கவனம் வேண்டும். அந்தக் காசில் மூன்று தடவை வந்துபோக அவருக்குக் கட்டுப்படியாகாது, ஒரே தடவையில் முடித்துவிடுவார். ஒரே தடவையில் முடிப்பதென்றால் ஈரத்தைப் பார்க்காமல், தண்ணீர் விடாமல், காயவிடாமல் முடிப்பது.

ஈரத்தைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. ஒரு சதுர அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரை ஒட்டி முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். உள்ளே ஈரம் இருந்தால் பூச்சு வேலையே தொடங்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா, குழாய் ஓடுகிறதா, மேல்தளம் ஒழுகுகிறதா, தரையிலிருந்து ஓதம் ஏறுகிறதா என்று கண்டுபிடித்து அதை முதலில் அடைக்க வேண்டும். அடைத்த பிறகும் சுவர் உடனே காயாது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. "வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசிட்டா நிக்கும்" என்பது நிற்காது. நீர் அந்தப் பூச்சைச் சுற்றிக்கொண்டு பக்கத்திலோ மேலேயோ வெளிவரும். கையில் மீட்டரை வைத்துக்கொண்டு, "பாருங்க, சிவப்பு எரியுது" என்று சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு ஊசி குத்திப் பார்க்கிற மீட்டர் மின்சாரம் கடத்துவதைத்தான் அளக்கிறது. உப்பு பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் அது சிவப்பு காட்டும்.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியதெல்லாம் கொத்துவதற்கும் பட்டிக்கும் இடையில்தான் இருக்கிறது. பொக்கையான காரையைச் செங்கல் தெரியும்வரை எடுத்து, கல் இணைப்புகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, சுவரை நனைக்க வேண்டும். நீர் வழியக் கூடாது, ஆனால் செங்கல் குடித்திருக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகுவதற்கு நீர் இருக்காது, பூச்சு மறுபடியும் பொக்கையாகும். பழைய காரையின் விளிம்பைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். சரிவாக விட்டால் புதுப்பூச்சு அங்கே தாளாக மெலிந்து ஒரு மாதத்தில் கோடு விழும். சிமெண்ட் பால் (நீரில் கரைத்த சிமெண்ட்) அடித்தால் அது ஈரமாக இருக்கும்போதே பூச்சு ஏற வேண்டும். காலையில் அடித்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பூசினால் அந்தப் பாலே பிடிப்பைக் கெடுக்கும். தண்ணீர் ஊற்றிய கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகிப்போன சட்டியில் மறுபடி நீர் தெளித்துக் கிளறுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடமாக இருந்தால் இணைப்புக்கு இரு பக்கமும் 150 மி.மீ. வருகிற மாதிரி கம்பி வலை அடித்துப் பூச வேண்டும். பில்லில் வலை இருக்கும், சுவரில் இருக்காது. பூசிய பிறகு கேட்டால் காட்டவும் முடியாது.

பூசிய பின் ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும், இதுதான் கியூரிங். "கியூரிங் வேண்டாம்" என்பது ஜிப்சம் பூச்சுக்கு மட்டும்தான் பொருந்தும், ஜிப்சத்தை ஈரச் சுவரிலும் குளியலறையிலும் வைக்கவே கூடாது. சிமெண்டுக்கு அதைச் சொன்னால் ஆள் மறுநாள் வரப்போவதில்லை என்று பொருள்.

ஆனால் மிகப் பெரிய ஏமாற்று பட்டியில். பட்டி இரண்டு கையும் சேர்த்து ஒன்றரை மி.மீ.தான் நிற்கும், சுவரைச் சமன்படுத்துவதற்கான பொருள் அது. அரை அங்குலப் பள்ளத்தையே பட்டியால் நிரப்பிவிடுகிறார்கள், ஏனென்றால் தண்ணீர் விட வேண்டாம், மறுநாளே தேய்க்கலாம். கண்டுபிடிப்பது எளிது. பெயிண்ட் அடிக்கும் முன் ஒட்டின் ஓரத்தில் ஒரு ஆணியை அழுத்திச் சுழற்றுங்கள். நகக்கண் அளவு உள்ளே போனதும் சாம்பல் நிறச் சிமெண்ட் வந்து ஆணி தடைபட வேண்டும். வெள்ளை மாவே வந்துகொண்டிருந்தால் அடியில் பூச்சே இல்லை. புதுப்பூச்சின் மேல் பெயிண்டுக்கு நாலு வாரம் பொறுப்பது நல்லது, சிமெண்டின் காரம் அதற்கு முன் பெயிண்டைத் தின்றுவிடும்.

பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சிமெண்ட் ஒட்டே போடவிடாதீர்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும், சிமெண்ட் விடாது, ஈரமெல்லாம் ஒட்டின் ஓரத்துக்கு ஓடிச் சுற்றியுள்ள நல்ல காரையையும் உதிர்க்கும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: கொத்திச் சுத்தம் செய்ததும் ஒன்று, பூச்சு ஏழு நாள் தண்ணீர் குடித்து, தட்டிப் பார்த்துப் பொக்கை இல்லை என்றதும் ஒன்று, பெயிண்ட் முடிந்ததும் ஒன்று. முதல் தவணை கொடுக்கும்போது, செங்கல் தெரியும் சுவரில் டேப்பை விரித்துப் பிடிக்கச் சொல்லி நீளத்துக்கும் உயரத்துக்கும் இரண்டு படம் எடுத்து, அவருக்கே அனுப்பி வையுங்கள். பில் எழுதும்போது ஒட்டின் அளவு அதிலிருந்துதான் வர வேண்டும்.